மொரிஸ் மைனர் 1000: கிளச் வழுக்குகிறது, எஞ்சினையும் திறக்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனை மைனர் எழுதியது:

வணக்கம். எங்களிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவுச் சலூன், எஞ்சின் இலக்கம் 9எம் என்று தொடங்கும் 948 சிசி வண்டி. அப்பா யாழ்ப்பாணத்தில் வாங்கியது. எரிபொருள் தடைக் காலத்தில் அங்கே மண்ணெண்ணெயிலும் ஓடிப் பின்னர் எங்களோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதன் கிளச் வழுக்குகிறது. ஒருகொடவத்தை மேம்பாலத்தில் நான்காம் கியரில் ஏறும்போது எஞ்சின் உறுமுகிறதே தவிர வண்டி வேகமெடுப்பதில்லை. முதலாம் கியரில் புறப்படும்போது வண்டி முழுவதும் உதறுகிறது. பெடலில் இருக்கவேண்டிய வெற்று அசைவு கையேட்டின்படி சரியாகவே உள்ளது.

இரண்டு கராஜ்களில் காட்டினேன். ஒன்றில் கிளச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மாற்றினால் போதும் என்கிறார்கள். மற்றதில் எஞ்சினை இறக்கி முழுமையாக ஓவர்ஹோல் செய்யாமல் கிளச்சில் கைவைக்க வேண்டாம் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான செலவு வித்தியாசம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரியது. அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய லேத் எழுதியது:

தம்பி, இரண்டு கராஜ்காரரில் யார் சொல்வது சரி என்பதை உங்கள் வண்டிதான் சொல்லவேண்டும். அதைச் சொல்லவைப்பதற்குச் சில சோதனைகள் இருக்கின்றன.

முதலில் ஒரு விடயத்தை மனதில் கொள்ளுங்கள். உங்கள் மைனரில் உள்ள ஏ சீரிஸ் எஞ்சினில், கிராங் எனும் சுழல்தண்டின் பின்புறத்தில், இன்றைய எஞ்சின்களில் இருப்பதுபோல ரப்பர் ஒயில் சீல் கிடையாது. கிராங்கின் பின்நுனியில் ஒரு புரி வெட்டியிருப்பார்கள். கிராங் சுழலும்போது அந்தப் புரி, வெளியே வரப்பார்க்கும் ஒயிலை மீண்டும் உள்ளே தள்ளும். எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்ப்புக்குள் காற்றழுத்தம் கூடாதவரை இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர்களும் தேய்ந்துவிட்டால், எரிந்த வாயு ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்புக்குள் இறங்கும். பிறீதர் குழாயால் அவ்வளவையும் வெளியேற்ற முடியாதபோது அழுத்தம் கூடி, புரி உள்ளே தள்ளுவதைவிட அதிகமான ஒயில் பின்பக்கமாக வெளியேறும். அங்கே முதலில் நனைவது பிளைவீலும் கிளச் பிளேட்டும்தான். ஆகவே ஏ சீரிஸ் வண்டியில் கிளச் வழுக்குவது பல வேளைகளில் எஞ்சினின் நோயாக இருக்கிறது. நோயை விட்டுவிட்டுப் புதிய பிளேட்டைப் போட்டால் அதுவும் நனையும்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் இணையும் உறையின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும், அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். துவாரம் அழுக்கால் அடைபடாமல் இருப்பதற்காகவே அந்தப் பின் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒயில் சொட்டுகிறதா, சொட்டினால் கறுப்பா தெளிவா என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் அது எஞ்சின் ஒயில். தெளிவாக இருந்தால் கியர்பொக்ஸின் முன்பக்கத்திலிருந்து வருகிறது என்று கொள்ளலாம், அப்படியானால் கதையே வேறு. அடுத்து, எஞ்சின் சூடாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயு எவ்வளவு வேகமாக வெளியே வீசுகிறது என்று கவனியுங்கள். கடைசியாக நான்கு சிலிண்டரின் கம்பிரஷனையும் அளந்து, பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளையும் இங்கே எழுதுங்கள். ஒயில் விட்டதும் அளவு ஏறினால் குறை ரிங்கிலும் சிலிண்டரிலும் உள்ளது. ஏறாவிட்டால் வால்வுகளில் உள்ளது.

கொட்டாஞ்சேனை மைனர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. துவாரத்திலிருந்து வருவது கறுப்பு ஒயில்தான், நிறுத்திவைத்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் படிகிறது. மூடியைத் திறந்தால் எஞ்சினின் துடிப்போடு சேர்ந்து புகை வீசுகிறது. கம்பிரஷன் அளவு முன்னிரண்டு சிலிண்டர்களிலும் 120, 115. மூன்றாவதும் நான்காவதும் 80, 85. ஒயில் விட்டு அளந்தபோது பின்னிரண்டும் 120ஐத் தாண்டின.

கொக்குவில் கராஜ் எழுதியது:

இந்த அளவுகளைப் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமில்லை, எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். மண்ணெண்ணெய் என்ற சொல்லை நீங்கள் எழுதியதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாத காலத்தில், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் சிறிதளவு பெற்றோலில் உயிர்கொடுக்கப்பட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டே ஓடின. அந்த எஞ்சின்கள் எங்கள் மக்களுக்குச் செய்த உதவியை மறக்க முடியாது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவைதான். ஆனால் அதற்கான விலையை எஞ்சினின் உட்பகுதி கொடுத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கும். கராஜுக்கு வந்த வண்டிகளில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக மேற்கோட்டைத் தாண்டி நிற்கும். விரலில் தொட்டு முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும், விரல்களுக்கிடையில் வழுவழுப்பு இருக்காது. அப்படி நீர்த்துப்போன ஒயிலில் ஓடிய கிராங் பெயாரிங்குகளும் தேயாமல் இருந்திருக்க முடியாது. எனவே ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கிராங்கையும் மைக்ரோமீற்றரால் அளந்தே தீரவேண்டும்.

தெகிவளை டட்சன் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்க அனுமதியுங்கள். கொழும்பில் நாளாந்தம் ஓட்டுவதற்கு டட்சன் 1200 எஞ்சினையும் அதன் கியர்பொக்ஸையும் போட்டுவிடுவது நடைமுறைக்கு உகந்தது என்பது என் எண்ணம். மைனரின் முதலாம் கியரில், ஓடும்போது கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் இல்லை. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அது பெரிய தொல்லை. டட்சன் கியர்பொக்ஸில் அந்தத் தொல்லை கிடையாது, பிரேக்கையும் சேர்த்து மேம்படுத்தினால் குடும்பத்தோடு நம்பிக்கையாகப் போய்வரலாம்.

வெள்ளவத்தை ஏ40 எழுதியது:

டட்சன் நல்ல எஞ்சின் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்டினோடு உடன்படிக்கை செய்து, ஏ40ஐயும் பிறகு ஏ50ஐயும் ஜப்பானில் தயாரித்தே கார்த் தொழிலில் தேர்ச்சி பெற்றது. ஆகவே இரண்டுக்கும் உறவில்லாமல் இல்லை. ஆனால் மாற்றுவதென்றால் எஞ்சின் தாங்கிகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம், கியர்பொக்ஸுக்கான தரைவெட்டு என்று வண்டியின் உடம்பிலேயே கைவைக்க வேண்டிவரும். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி மாற்றவேண்டும். அதற்கு மேலாக, இந்த வண்டியில் இலக்கம் பொருந்திய மூல எஞ்சின் இன்னும் இருக்கிறது. பழுதுபார்க்கக்கூடிய நிலையில் உள்ள மூல எஞ்சினைத் தூக்கி எறிவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். கழற்றி அளந்து பார்த்து, புளொக் வெடித்திருந்தால் அப்போது டட்சனைப் பற்றிப் பேசலாம்.

பழைய லேத் எழுதியது:

வெள்ளவத்தை அன்பர் சொல்வதே என் கருத்தும். இனி வேலைக்கு வருவோம்.

கழற்றத் தொடங்குவதற்கு முன் ஸ்பானர்களைச் சரிபாருங்கள். இந்த எஞ்சினின் போல்ட்டுகளும் நட்டுகளும் யூஎன்எஃப் புரியுடையவை. அவற்றுக்கு 7/16, 1/2, 9/16 என்ற அங்குல ஸ்பானர்களே பொருந்தும். ஜப்பான் வண்டிகளுக்கான மில்லிமீற்றர் ஸ்பானரை மாட்டி முனை மழுக்கப்பட்ட நட்டுகளை நான் என் தொழிற்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பீலர் கேஜ், நல்ல டோர்க் ரெஞ்ச், எண்ணைக் குத்துவதற்கு ஒரு எண் பஞ்ச் ஆகியவையும் வேண்டும்.

எஞ்சின் வெளியே வந்ததும் கனெக்டிங் ரொட் ஒவ்வொன்றிலும் அதன் மூடியிலும் சிலிண்டர் எண்ணைக் குத்துங்கள். 948இல் ரொட்டின் பெரிய முனை சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கும். ரொட்டைச் சிலிண்டர் வழியாக மேலே இழுத்தெடுக்கவே அந்தச் சாய்வு. ஒரு ரொட்டின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. அந்த எஞ்சினில் பிஸ்டன் பின்னை ரொட்டின் சிறிய முனையே ஒரு போல்ட்டால் கவ்விப் பிடித்திருக்கும். பிற்கால 1098 சிசி எஞ்சினில்தான் பின் தளர்வாக மிதந்து இருபுறமும் சேர்க்கிளிப் வரும். அந்தக் கவ்வும் போல்ட்டை இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் பிஸ்டனையோ ரொட்டையோ கையில் வைத்துக்கொண்டு முறுக்கக்கூடாது, ரொட் வளைந்துவிடும். பின்னின் இரு முனைகளையும் அடைப்புகளால் பிடித்து, அடைப்புகளை வைஸில் இறுக்கிய பிறகே போல்ட்டைத் தொடவேண்டும்.

புளொக் வெறுமையானதும் பக்கவாட்டில் நீர்வழியை அடைத்திருக்கும் வெல்ச் பிளக் தகடுகளைத் தட்டி எடுத்துவிடுங்கள். நான்காம் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழியில் துருவும் சேறும் இறுகிப்போய் இருக்கும். கம்பியால் கிளறி, தண்ணீரைப் பாய்ச்சித் தெளிவாக வரும்வரை கழுவவேண்டும். கொழும்பு வெயிலில் நெரிசலில் நிற்கும்போது பல மைனர்கள் கொதிப்பதற்கு ரேடியேற்றரைக் குறை சொல்கிறோம், ஆனால் சேறு கிடப்பது பின்சிலிண்டரைச் சுற்றித்தான். உங்களுடைய பின்னிரண்டு சிலிண்டர்களே அதிகம் தேய்ந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

இதன் பிறகுதான் அளவெடுப்பு. ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, அடியே என மூன்று மட்டத்திலும், கிராங்குக்கு நெடுக்காகவும் குறுக்காகவும் அளக்கவேண்டும். தேய்மானம் மிக அதிகமாக இருப்பது மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்குத் திசையில்தான். பிஸ்டன் சாய்ந்து அழுத்துவது அந்தச் சுவரைத்தான். 948இன் மூல விட்டம் 62.9 மில்லிமீற்றர். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்ற படிகளில் கிடைக்கும். கழற்றிய பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டிப் பார்த்தால் முன்னர் எந்தப் படிக்குப் போயிருக்கிறார்கள் என்பது பொறித்திருக்கும். பெயாரிங் ஷெல்களின் முதுகிலும் அவ்வாறே. அந்த எண்களையும் அளவுகளையும் எழுதுங்கள். அதுவரை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் எதையும் வாங்கவேண்டாம். அளக்காமல் வாங்கிய பிஸ்டன் அலமாரியிலேயே கிடக்கும்.

கொட்டாஞ்சேனை மைனர் எழுதியது:

எஞ்சின் இறங்கிவிட்டது. எழுதியபடியே எல்லாவற்றையும் அளந்தோம். பிஸ்டன் தலையில் 020 என்று பொறித்துள்ளது. மூன்றாம் சிலிண்டரில் குறுக்குத் திசையில் 0.008 அங்குலமும் நெடுக்குத் திசையில் 0.004 அங்குலமும் தேய்ந்துள்ளன. நான்காவதில் சற்றுக் குறைவு. கிராங் ஷெல்களில் 010 என்று உள்ளது, கிராங்கில் ரொட் பொருந்தும் ஜேர்னல்களில் 0.0015 அங்குலம் வரை நீள்வட்டமாகியுள்ளது. நான்காம் சிலிண்டரைச் சுற்றியிருந்த சேற்றைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. உலர்ந்து கல்லாகிவிட்ட மண்ணைத் திருகாணியால் உடைத்தே எடுத்தோம். லேத் பட்டறையில் 030 பிஸ்டன் போதும் என்கிறார்கள். போதுமா ஐயா?

பழைய லேத் எழுதியது:

030 போதாது, 040க்குப் போகவேண்டும் என்றே நினைக்கிறேன். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே சரிபாருங்கள்.

விட்டத்தில் 0.008 தேய்மானம் என்றால் அது இரு சுவரிலும் சமமாகப் பிரிவதில்லை. பிஸ்டன் அழுத்தும் சுவர் 0.006 தேய்ந்து, எதிர்ச்சுவர் 0.002 மட்டும் தேய்ந்திருக்கலாம். சிலிண்டரின் மையத்தை நகர்த்தாமல் துளைப்பதென்றால், அதிகம் தேய்ந்த சுவரைத் தொடும்வரை எல்லாப் பக்கத்திலும் 0.006 எடுக்கவேண்டும், அதாவது விட்டத்தில் 0.012. ஏற்கெனவே 0.020 எடுக்கப்பட்டுள்ளதால் மொத்தம் 0.032 ஆகிறது. 030இல் நிறுத்தினால் அந்தச் சுவரில் பழைய தேய்மானத்தின் ஒரு பிறை அப்படியே மீதியாகும், ரிங் அங்கே பிடிக்காது. சில லேத்களில் இதைத் தவிர்ப்பதற்காக போரிங் பாரைச் சிலிண்டரின் தேய்ந்த மேற்பகுதியில் மையப்படுத்திவிடுவார்கள். துளை பார்வைக்குச் சுத்தமாக வரும், ஆனால் மையம் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அடியில், ரிங் போகாத தேயாத பகுதியில் மையப்படுத்தச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். 040க்கு அப்பால் இந்த புளொக்குக்கு, சிலிண்டருக்குள் புதிய குழலை இறுக்கும் லைனர்தான் வழி. அதுவும் செய்யக்கூடிய வேலையே, எனவே அஞ்சவேண்டியதில்லை.

பிஸ்டன்களை முதலில் கையில் எடுத்து, அவற்றை மைக்ரோமீற்றரால் அளந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனுக்கேற்பத் துளைத்து, உரைகல்லால் தேய்த்து ஹோன் செய்யவேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பித் துளைக்கக் கொடுக்காதீர்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி இடைவெளியை அளக்கும்போது 0.007 முதல் 0.012 அங்குலத்துக்குள் வரவேண்டும்.

கிராங்கை 020க்கு அரைக்கக் கொடுங்கள். இரண்டு விடயங்களை எழுத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது: ஜேர்னலின் ஓரத்தில் உள்ள வளைவு மூலையைக் கூராக வெட்டிவிடக்கூடாது, வெட்டினால் கிராங் அங்கேதான் உடையும், அரைத்த பிறகு ஒயில் துவாரங்களின் வாயை மழுக்கிவிடவேண்டும். திரும்பி வந்ததும் ஒயில் வழிகளில் பெற்றோலைப் பாய்ச்சி, காற்றடித்து, அரைத்த தூள் ஒரு துணிக்கைகூட இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். பூட்டும்போது, நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்துப் பார்த்தால் ரொட் பெயாரிங் இடைவெளி 0.001 முதல் 0.0025 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும்.

பம்பலப்பிட்டி ட்ரவலர் எழுதியது:

எஞ்சினைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என்னுடைய மைனர் ட்ரவலரின் கிளச்சை நானே பூட்டியிருப்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அளவு. உங்கள் 948இன் கிளச் பிளேட் 6¼ அங்குலம். என்னுடையது போன்ற 10எம்ஏ என்று தொடங்கும் 1098இல் 7¼ அங்குலம். கடைகளில் இரண்டையும் மைனர் கிளச் என்றே சொல்லித் தருவார்கள், ஆகவே பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒயிலில் ஊறிய பிளேட்டைப் பெற்றோலில் கழுவி மீண்டும் போடும் வழக்கமும் உண்டு, அதனால் பயனில்லை. சூடேறும்போது லைனிங்கின் உள்ளிருந்து ஒயில் மறுபடி கசியும்.

பிளைவீலின் முகத்தில் நீல நிறப் புள்ளிகளோ மயிரிழை வெடிப்புகளோ இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட உதறலுக்கு ஒயில் பாதிக் காரணம் என்றால், சூட்டில் கடினமாகிய இந்தப் புள்ளிகள் மீதிக் காரணமாக இருக்கலாம். இலேசாக முகம் வெட்டிச் சரிசெய்யலாம். கிராங்கின் பின்நுனித் துளையில் கியர்பொக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் வெண்கல புஷ் ஒன்று இருக்கும். விலை மிகக் குறைவு, ஆனால் அது தேய்ந்திருந்தால் கிளச்சை மிதித்தாலும் ஷாஃப்ட் கூடவே சுழன்று கியர் விழும்போது கரகரக்கும். புதியதை ஒயிலில் ஊறவைத்துப் போடுங்கள்.

ரிலீஸ் பெயாரிங் இந்த வண்டியில் குண்டுகள் கொண்டதல்ல, கரி வளையம். அதற்கு கிரீஸ் பூசக்கூடாது, பூசினால் அதுவும் பிளேட்டுக்கே போய்ச் சேரும். வளையம் அதன் உலோகக் கிண்ணத்திலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள், தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிடிக்கும் கம்பி கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள். பிளேட்டை மையப்படுத்த, பழைய கியர்பொக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை பஞ்சிகாவத்தையில் வாங்கிவைத்துக்கொண்டால் அதைவிட நல்ல கருவி வேறில்லை. கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரு நேரத்தில் அரைச்சுற்று வீதம் இறுக்குங்கள்.

வண்டி ஓடத் தொடங்கிய பின் ஒரு வேண்டுகோள். சிவப்பு விளக்கில் கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டுக் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். பம்பலப்பிட்டிச் சந்தியில் முதலாம் கியரைப் போட்டுப் பெடலை மிதித்துக்கொண்டே காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் தேய்வது அந்தக் கரி வளையம்தான்.

கொக்குவில் கராஜ் எழுதியது:

தேய்வது கரி வளையம் மட்டுமல்ல சகோதரி. கிளச்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் கிராங்கை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது நடு மெயின் பெயாரிங்கின் இருபுறமும் உள்ள பிறை வடிவத் திரஸ்ட் வாஷர்கள்தான். அவை தேய்ந்தால் கிராங் முன்னும் பின்னும் ஆடும், கிளச் பெடலின் அசைவும் அதோடு மாறிக்கொண்டே இருக்கும். பூட்டும்போது ஒயில் வெட்டுள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்கவேண்டும். ஆட்டம் 0.002 முதல் 0.003 அங்குலம் வரை மட்டுமே.

கிளச்சும் எஞ்சினும் ஒரே வேலை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏ சீரிஸில் ஒயில் பம்ப் புளொக்கின் பின்பக்கத்தில், பிளைவீலுக்கும் பின்தகட்டுக்கும் உள்ளே, கேம் ஷாஃப்ட்டின் முனையால் சுழற்றப்படுகிறது. பிளைவீலைக் கழற்றாமல் அதைத் தொடமுடியாது. ஆகவே இப்போதே புதிய பம்பைப் போட்டுவிடுங்கள். பூட்டுவதற்கு முன் பம்புக்குள் ஒயிலை நிரப்புங்கள், வெறும் பம்ப் சில வேளைகளில் ஒயிலை இழுக்காது. டப்பெட் மூடியிலிருந்து கீழே இறங்கும் பிறீதர் குழாயையும் கழற்றிக் கழுவுங்கள். புதிய ரிங் போட்டும் பிறீதர் அடைத்திருந்தால் சம்ப் அழுத்தம் மறுபடியும் ஏறி, பின்புரியால் ஒயிலைத் தள்ளும்.

இறுக்கும் அளவுகள்: மெயின் பெயாரிங் 60 அடி-இறாத்தல், ரொட் பெயாரிங் 35, பிளைவீல் 40, சிலிண்டர் ஹெட் நட்டுகள் 40. ஹெட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக இறுக்கவேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். விளக்கு அணையாமல் பிளக்கைப் பூட்டவே கூடாது.

கொட்டாஞ்சேனை மைனர் எழுதியது:

040 பிஸ்டன்கள் கிடைத்துவிட்டன, புளொக்கும் கிராங்கும் லேத்தில் இருக்கின்றன. மையப்படுத்தும்போது பக்கத்திலேயே நின்றேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஈயமற்ற பெற்றோலுக்காக வால்வு சீட் மாற்றவேண்டுமா? கராஜில் கியர்பொக்ஸுக்கு 90 ஒயில் விடப் பார்க்கிறார்கள், அது சரியா?

வெள்ளவத்தை ஏ40 எழுதியது:

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் ஈயம்தான் எக்ஸோஸ்ட் வால்வின் சீட்டுக்குக் காப்பாக இருந்தது. மூல ஹெட்டில் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டிருப்பதால், அந்தக் காப்பு இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் சீட் உள்வாங்கி வால்வு இடைவெளி குறைந்துகொண்டே போகும். நகருக்குள் மட்டும் மெதுவாக ஓடும் வண்டிக்கு அவசரமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஹெட் கழற்றியிருக்கும் இந்த வேளையிலேயே நான்கு எக்ஸோஸ்ட் சீட்டுகளுக்கும் கடின உலோக வளையம் போட்டு, வால்வு கைட்டுகளையும் புதுப்பித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பெற்றோலைப் பொறுத்தவரை இந்த எஞ்சினுக்கு 92 ஒக்டேன் தாராளமாகப் போதும்.

90 ஒயில் பின் அக்ஸிலுக்கு உரியது. மைனரின் கியர்பொக்ஸுக்குக் கையேடு சொல்வது எஞ்சின் ஒயிலைத்தான். நல்ல 20டபிள்யூ50 மினரல் ஒயிலை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். 90ஐ விட்டால் அதிலுள்ள சேர்மானங்கள் வெண்கலப் பாகங்களுக்கு ஆகாது, குளிர்ந்த நிலையில் சின்க்ரோவும் சரியாகப் பிடிக்காது.

கொட்டாஞ்சேனை மைனர் எழுதியது:

எஞ்சின் பூட்டி முடிந்து வண்டி ஓடுகிறது. ஒயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்குகளைப் பூட்டினோம். மேம்பாலத்தில் நான்காம் கியரிலேயே ஏறுகிறது, உதறல் இல்லை. உறையின் துவாரத்தில் இரவு நிறுத்திய பின் ஒரு சிறு துளி மட்டும் தொங்குகிறது. இதற்குக் கவலைப்படவேண்டுமா? ஹெட்டை எப்போது மறுபடி இறுக்கவேண்டும்?

பழைய லேத் எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. கிராங் சுழலும்போது மட்டுமே அந்தப் புரி வேலை செய்யும், நின்றபின் ஒரு துளி இறங்குவது இந்த எஞ்சினுக்கு இயல்பு. ஸ்பிளிட் பின் அசைகிறதா என்று மட்டும் இடைக்கிடை விரலால் தட்டிப் பாருங்கள். துளி பெருகினால் முதலில் பிறீதரைச் சந்தேகியுங்கள்.

முதல் 800 கிலோமீற்றர் வரை முழுவேகத்துக்கு விரட்டவும் வேண்டாம், ஒரே சீரான மெதுவேகத்தில் உருட்டவும் வேண்டாம். ஏற்றத்தில் சற்றுச் சுமை கொடுத்தும் இறக்கத்தில் அக்ஸிலரேற்றரை விட்டும் மாறி மாறி ஓட்டினால்தான் ரிங்குகள் ஹோன் கோடுகளில் நன்றாகப் பதியும். மெதுவாகவே உருட்டினால் சுவர் கண்ணாடிபோல மினுங்கி, ரிங் பதியாமலே போய்விடும். அந்தத் தூரம் முடிந்ததும் எஞ்சின் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் முற்றாக ஆறியபின் ஹெட் நட்டுகளை அதே ஒழுங்கில் 40க்கு மறுபடி இறுக்குங்கள். ஹெட் இறுகியதும் வால்வு இடைவெளி மாறிவிடும் என்பதால் அதையும் அப்போதே 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்யவேண்டும். எட்டு வால்வுகளை முன்னிருந்து எண்ணிக்கொண்டு, எந்த வால்வு முழுவதும் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் எண்ணுக்குரிய வால்வைச் சரிசெய்யலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. பூட்டு நட்டை இறுக்கிய பின் பீலர் கேஜை மறுபடியும் ஒருமுறை செலுத்திப் பாருங்கள், இறுக்கும்போது திருகு சற்று நகரும்.